சக்கரம் கட்டிய சறுக்கு வண்டி

சென்ற மாதம் நம் சங்கத்தின் கல்வி நிதிக் குழு கூடியபோது, வந்திருந்த விண்ணப்பங்களுள் ஒன்று மற்றவற்றினின்றும் வேறுபட்டிருந்தது. கல்லூரிக் கட்டணம், பாடப் புத்தகம், விடுதிச் செலவு என்று கேட்பனவே நமக்குப் பழக்கமானவை. இதிலோ, "காஷ்மீரத்தில் குல்மார்க் என்னுமிடத்தில் பனிச்சறுக்குப் பயிற்சி பெறுவதற்கு வழிச்செலவும், தலைக்கவசமும், முழங்கால் காப்பும் வேண்டும்" என்று நல்ல கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. கேட்ட தொகை முப்பதாயிரம் ரூபாய். எழுதியவன் இவ்வாண்டு பத்தாம் வகுப்பில் தேறி பி.யூ.சி. முதலாண்டில் சேர்ந்திருக்கும் பதினாறு வயதுப் பையன்.

குழுவில் நாம் மூவர். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மற்றொருவர் அல்சூரிலுள்ள மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார். மூன்றாமவர் இந்தப் பகுதியை மாதந்தோறும் எழுதிவரும் நாம். தலைமையாசிரியர் காகிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மல்லேஸ்வரத்தில் பனி எங்கே பெய்கிறது?" என்றார். மார்கழி விடியற்காலையில் சாங்கி ஏரிக் கரையில் சற்றே மூடுபனி காண்பதைத் தவிர வேறு பனியை அறியாத நமக்கும் அதே கேள்விதான் எழுந்தது.

பையனின் தந்தையாரை வாசகர்களிற் பலர் அறிந்திருக்கக் கூடும். ஆயினும் பெயர் வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து குடிவந்தவர். ஒரு மரத்தடியில் தள்ளுவண்டி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு நாலு தெருவின் துணிகளையும் தேய்த்துக் கொடுப்பவர். வாடிக்கை வீட்டார் ஒருவர் தம் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன ரோலர் ஸ்கேட்டை இவருடைய பையனுக்குக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளாக அந்தப் பையன் பால்காரருக்கும் முந்தி எழுந்து, மார்கோசா சாலையின் குறுக்குத் தெருச் சரிவுகளில் அந்தச் சக்கரங்களின் மீது இறங்கிக்கொண்டிருக்கிறான். நாம் காலை வண்டியைப் பிடிக்க நிலையத்துக்குப் போகும்போது அவனைப் பலமுறை கண்டதுண்டு. கண்டு, "யார் வீட்டுப் பிள்ளையோ, காலை உடைத்துக்கொள்ளப் போகிறான்" என்று முணுமுணுத்ததும் உண்டு.

விண்ணப்பம் வந்த மறுநாள் மாலை தந்தையார் நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் திண்ணை ஓரத்திலேயே நின்றார். "சார், நான் படிக்காதவன். பையன் ஸெல்போனில் எதையோ பார்த்துவிட்டு இதுதான் என் வாழ்க்கை என்கிறான். அதில் ஒருவன் பின் ஒருவனாக உருண்டு விழுகிறார்கள். விழுந்து முதுகு போய்விட்டால் நாளைக்கு இந்த இஸ்திரிப் பெட்டியை யார் தூக்குவது? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், சார். நல்லது என்றால் நல்லது, வேண்டாம் என்றால் வேண்டாம்" என்றார். இப்படிப்பட்ட பொறுப்பு நம் தலைமேல் வந்ததில் நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டோம். மூன்று வாரம் இதுபற்றிப் படித்தும், பையனை உட்கார வைத்துக் கேட்டும் அறிந்தவற்றையே இம்மாதம் எழுதுகிறோம்.

பையன் பார்த்து மயங்கிய பந்தயத்திற்கு ஸ்னோபோர்ட் கிராஸ் என்று பெயர். கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரமுள்ள ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி மலைச்சரிவில் இறங்குவது. முதலில் ஒவ்வொருவராக இறங்கி நேரம் குறிப்பார்கள். தேறியவர்களைப் பிறகு நால்வர் நால்வராக ஒரே சமயத்தில் வாயிலினின்று விடுவார்கள். வழியெங்கும் மேடுகளும், குழிகளும், கரை கட்டிய வளைவுகளும், தாண்டுமிடங்களும் இருக்கும். முந்தி வரும் இருவருக்கு அடுத்த சுற்று. பின்தங்கிய இருவருக்கு அன்றோடு சரி. அழகுக்கு மதிப்பெண் கிடையாது. நடுவரின் தயவும் வேண்டியதில்லை. யார் முன்னே வந்தார் என்பது ஒன்றே கணக்கு. மோட்டார் சைக்கிள்களை மண்மேட்டில் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தைப் பார்த்து, 1991ஆம் ஆண்டில் கானடாவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இதை உண்டாக்கினார்கள். 2006இல் இத்தாலி நாட்டு டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் இது முதன்முதல் சேர்க்கப்பட்டது.

அந்த முதற் போட்டியிலேயே நடந்த ஒரு சம்பவத்தைத்தான் பையன் நமக்குக் காட்டினான். அமெரிக்கப் பெண் லிண்ட்ஸே ஜேக்கபெல்லிஸ், அப்போது இருபது வயது, இறுதிச் சுற்றில் மற்றவர்களை வெகுதூரம் பின்னே விட்டுவிட்டாள். தங்கம் கையில் விழுந்ததுபோலத்தான். எல்லைக்குச் சற்று முந்திய ஒரு தாண்டலில், தேவையே இல்லாமல், அந்தரத்தில் குனிந்து பலகையைக் கையால் பிடித்து ஓர் அலங்காரம் காட்டினாள். இறங்கும்போது தடுமாறி விழுந்தாள். எழுந்து நிற்பதற்குள் சுவிட்ஸர்லாந்தின் டான்யா ஃப்ரீடன் கடந்துபோய் முதலிடம் பெற்றாள். ஜேக்கபெல்லிஸுக்கு வெள்ளி. வெள்ளி என்பது அற்பமானதன்று. ஆனால் அவள் வெள்ளி வென்றாள் என்று எவரும் சொல்லவில்லை, தங்கத்தைத் தொலைத்தாள் என்றே சொன்னார்கள். பத்திரிகைகள் பல ஆண்டுகள் அதையே எழுதின.

பிறகு அவளுடைய தொழில் எப்படிப் போயிற்று என்பதே நமக்குச் சுவையாக இருந்தது. உலகச் சாம்பியன் பட்டத்தை 2005 முதல் 2017 வரை ஐந்து முறை வென்றாள். ஒலிம்பிக் மட்டும் வசப்படவில்லை. 2010இல் வான்கூவரில் அரையிறுதியில் பாதையைவிட்டு விலகினாள். 2014இல் சோச்சியில் அரையிறுதியில் விழுந்தாள். 2018இல் பியாங்சாங்கில் மயிரிழையில் பதக்கம் தவறி நான்காமிடம். நடுவே 2012இல் முழங்கால் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை வேறு. இவ்வளவுக்கும் பிறகு 2022 பிப்ரவரியில் பீஜிங்கில், முப்பத்தாறாம் வயதில், தங்கம் வென்றாள். மூன்று நாள் கழித்து ஆணும் பெண்ணும் சேர்ந்த இரட்டையர் பந்தயத்தில் நாற்பது வயதான நிக் பௌம்கார்ட்னருடன் இன்னொரு தங்கம். பதினாறு ஆண்டுகள்! இதைச் சொல்லும்போது பையனின் கண்கள் மின்னின. நாம் வேறொன்றைக் கணக்கிட்டோம்: பதினாறு ஆண்டுகளாக அவளுக்கு மலையும், பயிற்சியாளரும், மருத்துவரும், வண்டிக்கூலி தரும் கம்பெனிகளும் இருந்தன. இஸ்திரி வண்டிக்காரரின் மகனுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே நம் நாட்டில் இந்த வழியிற் சென்றவர் எவரேனும் உண்டா என்று தேடினோம். குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரால் முதன்முதல் 1964இல் இன்ஸ்ப்ருக் நகரில் இறங்கியவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பவர். பெயரைக் கேட்டதும் வாசகர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். போலந்து வம்சத்தில் பிறந்து இந்தியராக ஆனவர் அவர். அவருக்குப் பின் வந்தவர்களுள் மிகுதியாக அறியப்பட்டவர் சிவ கேசவன். அவர் ஆடியது ஸ்னோபோர்ட் அன்று. லூஜ் என்னும் சறுக்கு வண்டி. ஆயினும் பையனின் கேள்விக்கும் தந்தையின் கேள்விக்கும் அவருடைய வாழ்க்கையில் விடை இருப்பதாகத் தோன்றியதால் அதைச் சற்று விரித்தே எழுதுகிறோம்.

சிவ கேசவன் 1981 ஆகஸ்டு மாதம் பிறந்தவர். தந்தை கேரளத்துத் தலைச்சேரியைச் சேர்ந்தவர். தாய் இத்தாலி நாட்டவர். மலைகளைக் காண வந்த இருவரும் மணாலிக்கு அருகில் வசிஷ்ட் என்ற சிற்றூரிலேயே தங்கி, உணவு விடுதி நடத்திக் குடும்பம் நடத்தினர். தம் ஊரை விட்டு வேற்றூரில் வேர் பிடித்த குடும்பம் என்ற வகையில் நம்மவர்க்கு அவர்கள் அந்நியரல்லர்.

பையன் ஸனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்துவந்தான். 1996இல் பன்னாட்டு லூஜ் கூட்டமைப்பினர் ஆசிய நாடுகளில் ஆட்டக்காரர்களைத் தேடி வந்தபோது, ஆஸ்திரியாவின் முன்னாள் லூஜ் ஆட்டக்காரர் குன்ட்டர் லெம்மரர் பஞ்ச்குலாவில் ஒரு முகாம் நடத்தினார். அங்கே பனியும் இல்லை, பாதையும் இல்லை. வண்டியின் இரும்புச் சட்டங்களுக்குப் பதிலாகச் சக்கரங்களைப் பூட்டி, தார் ரோட்டிலே பிள்ளைகளை இறங்கச் சொன்னார்கள். சிவ கேசவன் தேர்ந்தெடுக்கப்பட்டார். பனிப்பாதையைப் பிறகு ஆஸ்திரியாவில்தான் பார்த்தார். பார்த்த மறு ஆண்டே, 1998 பிப்ரவரியில், ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே ஆட்டக்காரராகக் கொடியைத் தாமே ஏந்தி நடந்தார். வயது பதினாறு. லூஜ் ஆட்டத்தில் அதுவரை அவ்வளவு இளையவர் எவரும் ஒலிம்பிக்கில் இறங்கியதில்லை. அவருக்குக் கிடைத்தது இருபத்தெட்டாம் இடம்.

லூஜ் என்பது என்னவென்று அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறக்குறைய 23 கிலோ எடையுள்ள சிறு வண்டியின் மீது மல்லாந்து படுத்து, கால்கள் முன்னேயும் தலை பின்னேயுமாக, பனிக்கட்டியால் அமைத்த வளைந்த கால்வாய்க்குள் இறங்கவேண்டும். தடை கிடையாது, திருப்பும் கைப்பிடி கிடையாது. கெண்டைக் காலால் சட்டத்தை அழுத்தியும் தோளைச் சற்றே சாய்த்தும் திசை மாற்றவேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால் காற்று தடுத்து வேகம் குறையும். ஆகவே பாதையை மனத்தில் எழுதிக்கொண்டு ஏறக்குறையப் பாராமலே போகவேண்டும். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். நம் விரைவு வண்டிகளுள் பல அந்த வேகத்தில் ஓடும்போது உள்ளே தேநீர் தளும்புவதை வாசகர்கள் அறிவர். இவரோ தரைக்குச் சில அங்குலம் மேலே வெறும் முதுகில் ஓடுகிறார். நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட செயற்கைப் பாதைகள் உலகம் முழுவதிலும் இருபதை எட்டா. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. ஆகவே சிவ கேசவன் என்ன செய்தார் என்றால், 1996இல் கற்ற அதே வித்தையை இருபது ஆண்டும் விடாமல் செய்தார்: வண்டிக்குச் சக்கரம் கட்டி, மணாலிப் பக்கத்து மலை ரோடுகளில் இறங்கினார். எதிரே லாரிகள் வரும்; வளைவில் ஆட்டு மந்தை நிற்கும். அந்தப் படத்தைப் பையன் நமக்குக் காட்டினான். சாலை நிறைய ஆடுகள். அவற்றுக்கிடையே ஒரு மனிதன் படுத்தபடி பறந்து போகிறான். நமக்கு அடிவயிறு கலங்கிற்று. பையன், "மாமா, இவரும் தார் ரோட்டில்தான் பழகினார்" என்றான். அவன் சொல்ல விரும்பியது நமக்குப் புரிந்தது.

நகானோவுக்குப் பின் 2002 ஸால்ட் லேக், 2006 டூரின், 2010 வான்கூவர், 2014 சோச்சி, 2018 பியாங்சாங் என்று மொத்தம் ஆறு ஒலிம்பிக்குகள். இடங்கள் முறையே 33, 25, 29, 37, 34. ஆசியக் கோப்பையில் 2011இல் நகானோவிலேயே தங்கம். அன்று அவர் வேகம் மணிக்கு 134 கிலோமீட்டர் என்று குறிக்கப்பட்டது. மறு ஆண்டும் தங்கம். தாயின் நாடான இத்தாலி தன் அணியில் சேர்ந்து ஆட அழைத்தது. அங்கே பாதையும், பயிற்சியும், சம்பளமும் இருந்தன. அவர் மறுத்துவிட்டார். மறுத்ததற்காக நாடு அவரைக் கொண்டாடிற்றா என்றால், இல்லை. பல ஆண்டுகள் பயிற்சியாளர் இல்லாமலே வெளிநாடு சென்றார். பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாக நன்கொடை திரட்டிச் செலவைச் சமாளித்தார். அர்ஜுனா விருது கிடைத்தது 2020இல். அதாவது முதல் ஒலிம்பிக்குக்கு இருபத்திரண்டு ஆண்டு கழித்து, அவர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டு ஆன பிறகு.

சோச்சியில் நடந்ததைத் தனியே சொல்லவேண்டும். இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012 டிசம்பரில் பன்னாட்டுக் குழுவினால் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அதனால் 2014 பிப்ரவரி தொடக்க விழாவில் சிவ கேசவனும் மற்ற இருவரும் தேசக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் கீழ் நடக்க நேர்ந்தது. அவருடைய பந்தயம் பிப்ரவரி 8, 9 தேதிகளில் முடிந்தது. விலக்கு 11ஆம் தேதி நீங்கிற்று. இரண்டே நாள்! நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களின் வழக்கை, வண்டியில் படுத்திருந்தவன் சுமந்தான். அங்கே பயிற்சி ஓட்டத்தில் ஒரு வளைவில் அவர் வண்டியிலிருந்து வழுக்கி விழுந்தார். விழுந்தவர் பிடியை விடாமல், ஓடிக்கொண்டிருந்த வண்டியின் மேலேயே மீண்டும் ஏறிப் படுத்து ஓட்டத்தை முடித்தார். அந்தப் படம் உலகெங்கும் பரவிற்று. பதக்கம் பெற்றவர்களைக்கூட அவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு குழுவின் அடுத்த கூட்டத்தில் படித்தோம். தலைமையாசிரியர் பொறுமையுடன் கேட்டார். பிறகு, "இருபத்தெட்டாம் இடத்தையும் முப்பத்தேழாம் இடத்தையும் சாதனை என்று எழுதலாமா? நம் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டாம் ராங்க் வாங்கினவனை நாம் மேடையில் ஏற்றுவதுண்டா?" என்றார். நியாயமான கேள்வி. நாம் சொன்னது இது: வீட்டு வாசலில் பனிப்பாதை வைத்திருக்கிறவர்கள் ஐம்பது முறை இறங்கிப் பழகியபின், அயலூரிலிருந்து போய் ஐந்தாறு முறை இறங்கியவன் உலகத்தில் இருபத்தைந்தாமவனாக வருவதற்கும், எல்லாருக்கும் ஒரே கரும்பலகை இருக்கும் வகுப்பில் இருபத்தைந்தாவதாக வருவதற்கும் வித்தியாசம் உண்டு. அவர் தலையை அசைத்தார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. "நிதி கல்விக்காகக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்களுள் வீட்டு வேலை செய்யும் அம்மையார்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். இதற்கு நம்மிடம் விடையில்லை.

சுபேதார் அதுவரை பேசவில்லை. அவர் கேட்டது ஒன்றே: "பையன் விழக் கற்றிருக்கிறானா?"

இங்கே தந்தையின் அச்சத்தைப் பற்றி ஒளிக்காமல் எழுதவேண்டும். 2010 பிப்ரவரி 12ஆம் நாள், வான்கூவர் ஒலிம்பிக் தொடங்கவிருந்த அன்றே, ஜார்ஜியா நாட்டு இருபத்தொரு வயது இளைஞன் நோடார் குமரிதாஷ்விலி பயிற்சி ஓட்டத்தில் பாதைக்கு வெளியே தூக்கி எறியப்பட்டு, இரும்புத் தூணில் மோதி மாண்டான். சுவரை உயர்த்தி, ஆடவர் புறப்படும் இடத்தையும் கீழே இறக்கிவிட்டுப் பந்தயத்தை நடத்தினார்கள். அதே பாதையில் சிவ கேசவனும் மறுநாள் இறங்கினார். ஸ்னோபோர்ட் கிராஸில் நால்வர் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு இறங்குவதால் எலும்பு முறிவும் தசைநார் அறுதலும் சாதாரணம். இதைத் தந்தையாரிடம் மறைத்து, எல்லாம் க்ஷேமம் என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வண்டியருகே நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவர் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளையின் அப்பா என்ன செய்தார், சார்?" என்று கேட்டார். நமக்குப் பேச்சு எழவில்லை.

சற்று நேரம் கழித்து அவரே பேசினார். "நானும் இவன் வயதில்தான் ஊரைவிட்டு வந்தேன். என் அப்பா வேண்டாம் என்றார். பெங்களூரில் யாரைத் தெரியும் உனக்கு என்றார். இன்றைக்கு இவனை நான் தடுத்தால் இவனும் என்னைப்போலச் சொல்லாமல் போய்விடுவான். சொல்லிவிட்டுப் போகட்டும்."

நம் மல்லேஸ்வரத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரகாஷ் படுகோனே இறகுப் பந்து பழகிய காலத்தில் இங்கே அதற்கென்று அரங்கம் கிடையாது. கானரா யூனியன் கல்யாண மண்டபமே அவருக்கு ஆடுகளம். மண்டபத்தில் கல்யாணம் நடக்கும் நாட்களில் பையன்கள் காத்திருப்பார்கள்; கல்யாணம் முடிந்த பிறகே ஆட்டம். அந்த மண்டபத்தில் பழகியவர் 1980இல் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். சம்பிகே சாலையில் பூக்கூடையோடு போகும் நம் தாய்மார்களுள் எத்தனை பேருக்கு இது தெரியும்? பனி என்று பார்த்தாலும் கன்னட நாடு வெறுமையாக இல்லை. குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா என்னும் பெண் நெடுந்தூரப் பனிச்சறுக்கோட்டத்தில் 2025இல் சிலி நாட்டில் வெண்கலம் வென்றார். காப்பித் தோட்டத்திலும் பனி பெய்வதில்லை.

பிழைப்புக்கு என்ன வழி என்ற கேள்வியும் உண்டு. நாம் ரயில்வே இலாகாவில் எழுதுகோல் பிடிப்பவர்; ஆதலால் அறிந்ததைச் சொல்லலாம். பி. டி. உஷாவுக்குத் தென்னக ரயில்வேயும், தோனிக்குக் கரக்பூரில் டிக்கெட் பரிசோதகர் வேலையும் சோறு போட்டன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுவதில் வெண்கலம் வென்ற சுவப்னில் குசாலே மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஆனால் ஆயிரம் பேர் ஆடினால் ஒருவருக்குத்தான் அந்த நாற்காலி. இதை நம்பி யாரும் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதில் தலைமையாசிரியருடன் நாம் ஒருமனப்பட்டோம். நாமும் பள்ளியில் தடை தாண்டும் ஓட்டத்தில் மாவட்டம் வரை போனவர்தான். பத்தாம் வகுப்போடு வேலை கிடைத்தது; ஜோலார்பேட்டையிலிருந்து இங்கே வந்தோம்; ஓட்டம் நின்றது. வருத்தம் பெரிதாக இல்லை. எனினும் பையனின் விண்ணப்பத்தைப் படித்த அன்று இரவு தூக்கம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

முடிவில் குழு செய்தது இது. கல்வி நிதியிலிருந்து ஒரு காசும் எடுப்பதில்லை. தலைமையாசிரியரின் ஆட்சேபணை நியாயமானதென்று மூவரும் ஒப்பினோம். தலைக்கவசமும் காப்புகளும் வாங்குவதற்குத் தனியே ஒரு கைந்நிதி. அதற்கு முதல் தொகையை, யாரும் கேளாமலே, தலைமையாசிரியர் கொடுத்தார். கொடுத்தபின், "அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அறுபதுக்குக் குறைந்தால் வண்டியேறக் கூடாது" என்று பையனிடம் நிபந்தனை விதித்தார். பையன், "எழுபது வாங்குகிறேன், ஐயா" என்றான். சுபேதார் அவனைப் பதினெட்டாவது கிராஸ் மைதானத்துக்கு அழைத்துச் சென்று, புல்தரையில் ஒரு மணி நேரம் விழச் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்து, "கையை ஊன்றுகிறான். அதை மாற்றவேண்டும். மற்றபடி பரவாயில்லை" என்றார். அன்றிலிருந்து வாரம் இரு நாள் அந்தப் பாடம் நடக்கிறது. தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கப் போய் அவர்களும் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

குல்மார்க்கில் அரசாங்கத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம் குளிர்காலத்தில் இரண்டு வாரப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. இடத்தின் உயரம் நம் தொட்டபெட்டா உச்சிக்கு ஏறக்குறையச் சமம். முதலில் சறுக்குக் கட்டையில் நிற்கவும், நிற்க முடியாதபோது விழவும் கற்பிப்பார்கள். ஒற்றைப் பலகைப் பந்தயமெல்லாம் பிறகு. 2020 முதல் அங்கே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் நடந்துவருகின்றன. அவற்றில் ஸ்னோபோர்டும் உண்டு. பையன் அதைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான்.

பயணத்துக்கு ஜனவரி மாதம் குறித்திருக்கிறோம். இங்கிருந்து கர்நாடக எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கழிந்தால் டில்லி, அங்கிருந்து கட்ரா. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது; செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே பாலத்தைக் கடக்கிறது. நம் இலாகாவின் வேலை என்பதால் இதை இரண்டாம் முறையும் எழுத ஆசைதான், ஆசிரியர் வெட்டிவிடுவார். முன்பதிவு அறுபது நாள் முன்னதாகத் திறக்கும். அன்று காலை எட்டு மணிக்கு நாமே உட்கார்ந்து பதிவு செய்வதாகத் தந்தையாரிடம் சொல்லியிருக்கிறோம். டில்லி வரை அவரும் கூடப் போகிறார். பெங்களூருக்கு வந்த பின் அவர் எடுக்கும் முதல் நீண்ட விடுமுறை இது. அந்த நாட்களில் துணி தேய்த்துக் கொடுக்க வேறோர் ஆளை அவர் ஏற்பாடு செய்துவிட்டார் என்பதை வாடிக்கை வீட்டார் தெரிந்துகொள்க.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையனிடம் கம்பளி உடை எதுவும் இல்லை. சுபேதார் தாம் வடக்கே பணிபுரிந்த காலத்துக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொடுத்திருக்கிறார். சற்றுப் பெரிது, ஆயினும் உதவும். நனையாத கையுறை ஒரு ஜோடி, காதை மூடும் குல்லாய், பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும் கனத்த மேற்சட்டை ஆகியவை வேண்டியிருக்கின்றன. வைத்திருப்பவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்க அலுவலகத்தில், மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள், கொண்டுவந்து கொடுக்கலாம். துவைத்துத் தந்தாற் போதும். தேய்க்க வேண்டியதில்லை, அதைத் தாமே பார்த்துக்கொள்வதாகத் தந்தையார் சொல்லியிருக்கிறார்.